சூட்டை மறவாத இழை

உடையைப் பற்றி நம் வீடுகளில் நாள்தோறும் பேச்சு நடக்கிறது. நிறம் எப்படி, கரை எப்படி, விலை என்ன, எத்தனை சலவை தாங்கும் என்றெல்லாம் கேட்கிறோம். அந்தத் துணி எத்தனை டிகிரிச் சூட்டைக் கண்டு வந்தது என்று எவரும் கேட்பதில்லை. பருத்திக்கு அக்கேள்வி பெரிதும் தேவையில்லை. பாலியெஸ்டருக்கோ அதுவே தலையாய கேள்வி. உலையில் உருகிப் பிறக்கும் அந்த இழை, பிறந்த பிறகு தன்மீது பட்ட பெருஞ்சூட்டைத் தன் உள்ளமைப்பிலேயே பதித்து வைத்துக்கொள்கிறது. மடிப்புக் கலையாமல் நிற்பதும், வெந்நீரில் சுருங்குவதும் சுருங்காததும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிப்பதும் அந்தப் பதிவின் விளைவுகளே.

இந்த உண்மையை எனக்கு விளங்க வைத்தது ஓர் உப்பளம் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். மரக்காணத்து உப்பளத்தைச் சொல்கிறேன். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் கரையில் உள்ள ஊர் அது. பக்கிங்காம் கால்வாய் தெற்கு நோக்கி வந்து முடிவதும் அங்கேதான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் பாத்தி பாத்தியாக நீர் மின்னுவதையும், வரப்போரம் உப்பு அம்பாரங்கள் வெண்மையாக நிற்பதையும் கண்டிருப்பார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளைக் கரைக்கும் வரை நடக்கும்.

1970களில் என் தந்தையார், மர்ஹூம், அந்த உப்பளத்துக் குடியிருப்புகளில் ஜவுளி விற்றவர். மிதிவண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார். வாரத் தவணையில் பணம் வாங்குவார். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் உடன் செல்வதுண்டு. அக்காலத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சபர் போய் வந்தவர்கள் கொண்டுவந்த டெரிலின் சட்டையும் நைலெக்ஸ் புடவையும் ஊரில் பெருமைக்குரிய பொருள்களாக இருந்தன. சில ஆண்டுகளிலேயே உள்நாட்டுப் பாலியெஸ்டர் பெருகி, பெருமைப் பொருள் ஏழைப் பொருளாயிற்று. உப்பு வாரும் பெண்கள் அத்தாவிடம் கேட்டதெல்லாம் அதைத்தான். “பாய், அந்த பாலிஸ்டர் பொடவயே குடுங்க. நூல் பொடவ உப்புத் தண்ணியில ஊறுனா காயவே மாட்டேங்குது” என்று ஒரு மூதாட்டி சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. அதன் மறுபக்கத்தைப் பின்னர் காண்போம்.

முதலில் உப்பைப் பார்ப்போம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே உப்புகள். அடர்த்தியை அளக்கும் போமே மானியில் அது 3 டிகிரி அளவே காட்டும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறுகிறது. இடையில் ஜிப்சம் படிந்து ஒதுங்குகிறது. 25 டிகிரியை எட்டியதும் உப்புப் பூக்கிறது. அதுவரை நீரில் திசைக்கொன்றாய் அலைந்துகொண்டிருந்த நுண்துகள்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. அந்த வரிசையே படிகம். பாத்தியைக் கலைக்காமல் விட்டால் கல் பெரிதாகும். அடிக்கடி கலைத்து வாரினால் பொடியாகும். வெயில் ஒன்றுதான், அது எவ்வளவு நேரம், எந்த அமைதியில் வேலை செய்தது என்பதைப் பொறுத்து விளைச்சலின் உருவம் மாறுகிறது.

பாலியெஸ்டர் இழைக்குள்ளும் இதற்கு ஒப்பான ஒரு விளைச்சல் நடக்கிறது. அதை விளங்கிக்கொள்ள அந்த இழையின் வரலாற்றைச் சற்றே தொட வேண்டும். 1930களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலறிஞர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை உருவாக்கி இழை நூற்கலாம் என்று காட்டினார். அவர் முதலில் செய்தவை பாலியெஸ்டர்களே. ஆனால் அவை மிகக் குறைந்த சூட்டிலேயே இளகின. வெந்நீரைத் தாங்காத துணியை எவர் உடுப்பார்? அவர் அவ்வழியை விட்டு நைலானுக்குச் சென்றார். 1941 இல் இங்கிலாந்தில், மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் நிறுவனத்தில், வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் அந்தச் சங்கிலியில் டெரிஃப்தாலிக் அமிலத்தைக் கோத்தனர். அதிலுள்ள பென்சீன் வளையம் எளிதில் வளையாதது. சங்கிலிக்கு விறைப்பு வந்தது; உருகுநிலை 260 டிகிரி செல்சியஸ் அருகே ஏறியது. டெரிலின் பிறந்தது. சூட்டுக்குத் தோற்ற பொருள், சூட்டைத் தாங்கும் பொருளாக மாறியதே அதன் பிறப்பு வரலாறு. நம் நாட்டில் 1960களில் ‘டெரீன்’ என்ற பெயருடன் அது உற்பத்தியாகத் தொடங்கியது. 1982 இல் மகாராஷ்டிரத்துப் பாதாளகங்காவில் ரிலையன்ஸ் ஆலை எழுந்த பின் பாலியெஸ்டர் நூல் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது.

ஆலையில் அப்பொருளை 280 டிகிரிக்கு மேல் உருக்கி, நுண்துளைகள் வழியே பிழிந்து, காற்றால் குளிர்விக்கிறார்கள். சட்டென்று குளிர்வதால் சங்கிலிகளுக்கு வரிசை கட்ட நேரமில்லை. சிக்குண்ட கயிறுகள் போல் அப்படியே உறைந்துவிடுகின்றன. அந்த இழைக்கு வலுவில்லை. பின்னர் அதை 80 டிகிரி அளவில் இளக்கி, மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். இப்போது சங்கிலிகள் எல்லாம் இழையின் திசைக்குத் திரும்புகின்றன.

பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பின் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மக்கள் முற்றத்திலும் ஹவ்லின் ஓரத்திலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். இகாமத் சொன்னதும் கிப்லாவை நோக்கித் திரும்புகிறார்கள். நெருங்கித் தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பு கட்டுகிறார்கள். இழையை இழுப்பது எல்லாரையும் ஒரு திசைக்குத் திருப்புவது போன்றது. சிலர் உடனே ஸஃப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். பலர் திசை திரும்பியும் வரிசையில் சேராமல் இருக்கிறார்கள். இழுத்த இழையில் வரிசை கட்டிய படிகப் பகுதியும், ஒழுங்கு குறைந்த பகுதியும் இவ்வாறு கலந்தே கிடக்கின்றன. ஒழுங்கு குறைந்த பகுதியில் ஓர் இழுவிசை தங்கியிருக்கிறது. கொதிநீர் பட்டால் போதும், அச்சங்கிலிகள் பழையபடி சுருண்டுகொள்ளத் துடிக்கும், துணி சுருங்கும்.

இதைத் தடுப்பதற்காகச் செய்வதே வெப்ப நிலைப்படுத்தல். ஆலைக்காரர்கள் ‘ஹீட் செட்டிங்’ என்பார்கள். துணியின் இரு ஓரங்களையும் பிடித்து விறைப்பாக நிறுத்தி, ‘ஸ்டென்டர்’ என்னும் நீண்ட இயந்திரத்தினுள் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வரை உள்ள சூட்டில் அரை நிமிடம் போல ஓட்டுவார்கள். அந்தச் சூட்டில் சங்கிலிகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது. அரைகுறையான சிறு படிகங்கள் உருகி, உறுதியான பெரிய படிகங்களாக மறுபடி கட்டப்படுகின்றன, புதியனவும் தோன்றுகின்றன. உள்ளே தங்கியிருந்த இழுவிசை தணிகிறது. குளிர்ந்த பின் அந்தத் துணி, தான் நின்ற உருவிலேயே நிலைத்துவிடுகிறது. அதே சூட்டை விறைப்பின்றித் தளர்வாக விட்டுக் கொடுத்தாலோ, சங்கிலிகள் மடிந்து சுருண்டு, இழை குட்டையாகித் தடித்துவிடும். ஒரே சூடு, பிடித்த பிடியைப் பொறுத்து இருவேறு துணிகளைத் தருகிறது.

உப்பளத்தில் நீரின் அடர்த்தியை மானி காட்டுவது போல, இங்கும் அடர்த்தியே உள்மாற்றத்தைச் சொல்கிறது. படிகமே இல்லாத பாலியெஸ்டரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.335 கிராம். முழுவதும் படிகமாக இருந்தால் அது 1.455 ஆகும் என்று 1954 இல் அதன் படிக அமைப்பைக் கண்டறிந்த இங்கிலாந்து அறிஞர்கள் கணித்தனர். நாம் உடுத்தும் துணியின் இழை 1.38 அளவில் நிற்கும். நன்கு சூடேற்றி நிலைப்படுத்தினால் 1.39 ஐத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத வரிசைகள் கூடியதற்கு அந்தச் சிறு எண்ணே சாட்சி.

உப்புக்கும் இழைக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஒரு மழை பெய்தால் பூத்த உப்பெல்லாம் கரைந்து பழைய நீராகிவிடும். பாலியெஸ்டரின் படிகம் எத்தனை முறை தண்ணீரில் நனைத்தாலும் கரையாது. அதைக் கலைக்க வல்லது, அதைக் கட்டிய சூட்டைவிட மிகுந்த சூடு மட்டுமே.

இதன் பொருளை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் கண்டேன். என் தாயார் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். உப்பளத்தில் வேலை செய்த ஒரு தாய், தன் மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடையை எடுத்து வந்தார். டெரிகாட்டன் பாவாடை. ஏழை வீடுகளில் வழக்கம்போல் அதை வளர்ந்த அளவுக்கு வாங்கி, கீழே மடித்துத் தைத்து, ஆண்டுக்கொரு மடிப்பாக இறக்கி வந்தார்கள். மூன்றாம் மடிப்பையும் அம்மா பிரித்துவிட்டார். ஆனால் பழைய மடிப்புகள் இருந்த இடத்தில் கோடுகள் நின்றன. நனைத்தும், கல்லில் அடித்தும், இஸ்திரி போட்டும் அவை போகவில்லை. “அந்தக் கோட்ட எண்ணி எத்தன வருசத்துப் பாவாடன்னு பொண்ணுங்க சிரிக்கிறாங்களாம், பாயம்மா” என்றார் அந்தத் தாய். அம்மா மறுமொழி சொல்லவில்லை. அதே நிறத்தில் ஒரு நாடாவைத் தேடி எடுத்து, கோட்டின் மேலேயே வைத்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

அந்தக் கோடுகள் ஏன் போகவில்லை? மடிப்பைக் கூர்மையாக்க, கரிப்பெட்டியைக் கொதிக்கக் கொதிக்க வைத்து அழுத்தியிருப்பார்கள். கொட்டாங்குச்சிக் கனல் நிறைந்த பெட்டிக்குச் சூட்டை அளந்து காட்டும் முள் ஏது? பருத்திக்கு உரிய 200 டிகிரிச் சூடு பட்ட அந்த அரை நிமிடத்தில், மடிந்த நிலையிலேயே படிகங்கள் கட்டப்பட்டுவிட்டன. ஸ்டென்டரில் நடந்த அதே வேலை திண்ணையிலும் நடந்திருக்கிறது. பிறகு மிதமான சூட்டில் எத்தனை முறை தேய்த்தாலும் அப்படிகங்கள் அசையா. அவற்றைக் கலைக்கும் அளவுக்குச் சூடேற்றினால், துணி பளபளத்துத் தட்டையாகிக் கெட்டுவிடும். ஆகவேதான் பாலியெஸ்டருக்கு 110 முதல் 150 டிகிரிக்குள் தேய்க்க வேண்டும் என்கிறார்கள். உடையின் உட்புறச் சீட்டில் இஸ்திரிப் பெட்டி படத்துள் இருக்கும் இரண்டு புள்ளிகள் 150 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று சொல்வனவாகும். வளரும் பிள்ளைகளின் உடையில் மடிப்பு வைப்போர், அந்த மடிப்பின் மேல் பெட்டியை அழுத்தாதிருப்பதே நலம்.

இந்த நினைவாற்றலை ஆய்வுக்கூடத்திலும் காணலாம். நிலைப்படுத்திய ஒரு சிறு இழையைக் கருவியில் மெல்ல மெல்லச் சூடேற்றினால், உருகுநிலைக்கு நெடுந்தொலைவு முன்பே, அது முன்னர் பட்ட சூட்டை ஒட்டிய ஓர் இடத்தில் மிகச் சிறிய உருகல் தென்படும். அந்தச் சூட்டில் கட்டப்பட்ட சிறு படிகங்கள் அவிழும் இடம் அது. ‘எந்தச் சூட்டில் உன்னை நிலைப்படுத்தினார்கள்?’ என்று கேட்டால் இழையே விடை சொல்கிறது எனலாம்.

சாயத்திலும் அதே கதை. சாயம் படிகத்துக்குள் நுழையாது. ஒழுங்கு குறைந்த பகுதியில்தான் புகும். நிலைப்படுத்தும் சூடு கூடக் கூடச் சாயம் ஏறுவது குறைகிறது. 170 டிகிரியை ஒட்டி மிகக் குறைந்து, அதற்கு மேல் வியப்பாக மறுபடியும் கூடுகிறது. உப்பளத்தில் நூறு சிறு குவியல்கள் நெருங்கிக் கிடந்தால் நடக்க வழியிராது. அதே உப்பைச் சில பெரிய அம்பாரங்களாகக் குவித்தால் இடையே தாராளமாக நடக்கலாம். மிகு சூட்டில் படிகங்கள் பெரிதாகும்போது சாயத்துக்கு அவ்வாறே வழி பிறக்கிறது. சாயமிடுமுன் ஸ்டென்டரில் சூடு ஓரத்திலொன்றும் நடுவிலொன்றுமாக இருந்தால், புடவையில் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். இரண்டாந்தரமாகக் கழிக்கப்பட்டு மலிவாக வரும் துணிகளில் இக்குறையைக் காணலாம்.

இனி அந்த மூதாட்டியின் சொல்லுக்கு வருவோம். பாலியெஸ்டர் விரைவில் உலரும், உப்புநீரில் மட்காது, மலிவானது. இவை மெய். விரைவில் உலர்வதற்குக் காரணம், அது நீரை உள்ளே ஏற்காமையே. ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைப் பங்கைக்கூட வாங்காது. இழைக்குச் சூட்டாலேயே சுருள் கொடுத்து, காற்று தங்கும்படியும் வியர்வை பரவும்படியும் செய்த நல்ல பாலியெஸ்டர் துணிகள் உண்டு. விளையாட்டு வீரர்கள் அணிவது அத்தகையவற்றையே. தவணைக்கும் தருமத்துக்கும் வரும் நெருக்கமான வழவழப்புப் புடவை அவ்வகையன்று. அதனுள் வியர்வை உடலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உப்பளத்து வெயில் எளிய வெயிலன்று. மேலிருந்து கதிர் சுடுகிறது. கீழிருந்து வெண்மை அதைத் திருப்பி அடிக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது பேர் அளவாகக் கருதப்படும் வெப்ப எல்லையைத் தாண்டியே உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. குடிநீரும் நிழலும் கழிப்பிடமும் அவர்களுக்கு முதல் தேவைகள். அவற்றுக்கு அடுத்த நிலையில் மேனியைத் தொடும் உடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுப்படியைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி தீயை விரைவில் பற்றும், எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் 260 டிகிரி அருகே உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். இரண்டும் கலந்த துணியில் பருத்தி திரியாக நின்று, உருகியதைத் தாங்கி எரிய வைக்கும். ஆகவே அடுப்பருகே செல்லும்போது தொங்கும் முந்தானையும் துப்பட்டாவும் வேண்டா; உடலோடு அமைந்த, தடித்த பருத்தி உடையே பாதுகாப்பு.

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில், 81 ஆம் வசனம் இறைவனின் அருட்கொடைகளை எண்ணிச் சொல்லும்போது, வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளையும் குறிப்பிடுகிறது. குளிரை விடுத்து வெப்பத்தை ஏன் சொன்னான் என்று வினவிய விரிவுரையாளர்கள், முதலில் கேட்டோர் சுடுமணல் நாட்டினர் என்பதைச் சுட்டினர். உடையின் முதற்பயன் எது என்பது அம்மக்களுக்குச் சொல்லாமலே தெரியும். உப்பளத்துப் பெண்ணுக்கும் தெரியும். தெரியாதவர்கள் நிழலில் அமர்ந்து உடை வாங்கிக் கொடுக்கும் நாமே.

ரமலான் வந்தால் நம் கடைவீதிகளில் ‘ஜகாத் புடவை’ என்று கட்டுக் கட்டாக விற்கிறார்கள். ஜகாத்தாகவும் சதகாவாகவும் நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு; அவர்களின் நிய்யத்தில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அக்கட்டுகளில் பெரும்பாலானவை, சூரத்தின் தறிகளிலிருந்து மிக மலிவாக வரும் பாலியெஸ்டரே. நாம் கண்ணை மூடிக்கொண்டாலன்றி ஏற்காத மட்டமான பொருளைப் பிறருக்குத் தேர்ந்து கொடுக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறதே! நம் வீட்டுப் பெண்கள் சித்திரை வெயிலில் உடுக்கத் தயங்கும் துணியை, அவ்வெயிலையே தொழிற்களமாகக் கொண்ட பெண்ணுக்கு எடுத்து நீட்டலாமா?

நூறு புடவை கொடுப்பவர் அறுபது கொடுக்கட்டும். அவை பருத்தியாக இருக்கட்டும். விரைவில் உலர வேண்டும் என்ற அவர்களின் தேவையை மதித்து, மெல்லிய நூலில் நெய்ததைத் தேர்ந்தெடுக்கட்டும். பாலியெஸ்டர்தான் கொடுக்க முடியும் என்றால், வாங்குமுன் ஒரு துண்டை அளந்து கொதிநீரில் இட்டுப் பார்க்கட்டும். அளவு குறைந்தால் அது சரியாக நிலைப்படுத்தப்படாத துணி என்று ஒதுக்கட்டும். ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தாலும் துணியின் இனம் தெரியும்: பருத்தியானால் காகிதம் எரியும் மணத்துடன் மெல்லிய சாம்பல், பாலியெஸ்டரானால் கெட்டியான ஒரு மணி.

இழை தான் பட்ட சூட்டை மறப்பதில்லை. அதை எவ்வளவு நேரம், எந்தப் பிடியில் காட்டுவது என்பதை ஆலையில் அளந்து வைத்திருக்கிறார்கள். உப்பு வாரும் மேனி பட்ட சூட்டை அளப்பார் அரிது. அந்த மேனிக்கு உடை தேர்ந்து கொடுக்கும் கை நம்முடையதாக இருக்கும்போது, அந்த அளவை நாமாவது நினைவில் வைப்போமாக.